ஓக் மரச்சட்டகமும் கோதுமைத்தாள் கூரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் இங்கிலாந்தின் இடைக்காலக் கூரை வீடுகளைப் பற்றி வெளியான படக்கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே பொருளைத் தொடும் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: படங்களில் உள்ள வீடுகளைக் 'குடிசை' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ஆனால் அவை மாடியும் பல அறைகளும் கொண்ட பெரிய வீடுகளாகத் தெரிகின்றனவே. அந்தக் காலத்து ஏழை உழவர்கள் இவ்வளவு வசதியாகவா வாழ்ந்தார்கள்?

பதில்: 'காட்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லை யோசிக்காமல் குடிசை என்று மொழிபெயர்த்தது என் பிழைதான். இன்று அப்படி அழைக்கப்படும் இடைக்கால வீடுகளில் பெரும்பாலானவை, கட்டப்பட்ட நாளில் ஊரில் ஓரளவு வசதியாக இருந்த உழவர்களின் வீடுகள். ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரி கிராமத்தில் உள்ள 'ஆன் ஹாத்தவே காட்டேஜ்', ஷேக்ஸ்பியரின் மனைவி பிறந்த வீடு என்பதால் உலகப் புகழ் பெற்றது. அதன் மிகப் பழைய பகுதி 1460-களைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் வாழ்ந்த காலத்தில் அதன் பெயர் ஹியூலண்ட்ஸ் பண்ணை. கூரை வேய்ந்த கிராமத்து வீடு எல்லாமே 'காட்டேஜ்' என்று கனிவோடு அழைக்கப்படும் வழக்கம் பின்னால் வந்தது.

உண்மையான ஏழைகளின் குடிசைகளில் ஒன்றுகூட இன்று முழுதாக நிற்கவில்லை என்றே சொல்லலாம். அவற்றின் தூண்கள் மண்ணில் குழி தோண்டி நடப்பட்டவை. மண்ணின் ஈரம் மரத்தின் அடியைச் சில பத்தாண்டுகளில் தின்றுவிடும், வீடு சாயும், அதே இடத்தில் வேறொன்று எழும். 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி, தூணை மண்ணில் நடாமல், தாழ்வான கல் சுவரின் மேல் கிடைமட்டமாக ஓர் அடிக்கட்டையைப் படுக்க வைத்து அதன்மேல் தூணை நிறுத்தும் முறை பரவலாயிற்று. மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒன்றரை அடிக் கல் வந்து சேர்ந்த இந்தச் சிறிய மாற்றம்தான், ஒரு தலைமுறைக்கான வீட்டை அறுநூறு ஆண்டுகளுக்கான வீடாக மாற்றியது. ஆனால் அதற்குக் கல்லும் நல்ல ஓக் மரமும் தேர்ந்த தச்சரின் கூலியும் வேண்டும். 1348-49-இல் பரவிய கொள்ளைநோய் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழித்தபின், உயிர் பிழைத்த உழவர்களுக்கு நிலம் தாராளமாகக் கிடைத்தது, கூலியும் உயர்ந்தது. 1351-இல் சட்டம் போட்டுக் கூலியைக் கட்டுப்படுத்த அரசு முயன்றும் பெரிதாகப் பலிக்கவில்லை. இன்று எஞ்சி நிற்கும் உழவர் வீடுகளில் பல அதற்குப் பிந்திய நூற்றைம்பது ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருப்பது தற்செயல் அல்ல.

கேள்வி: இரும்பு ஆணி இல்லாமலே இந்த வீடுகள் கட்டப்பட்டன என்பது உண்மையா? கட்டிய முறையை விளக்க முடியுமா? (கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர்)

பதில்: சட்டகத்தைப் பொறுத்தவரை உண்மை. முதலில் ஒரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: இந்த வீடுகளில் சுவர் கூரையைத் தாங்குவதில்லை. மரச்சட்டகம் மட்டுமே எடையைச் சுமக்கிறது. சுவர் என்பது சட்டகத்தின் இடைவெளிகளை அடைக்கும் திரை மட்டுமே.

சட்டகம் இரண்டு பெரிய மரபுகளாகப் பிரிகிறது. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓர் ஓக் மரத்தை நீளவாக்கில் பிளந்தால், ஒன்றின் நிழல்போல் மற்றொன்று அமைந்த இரு வளைமரங்கள் கிடைக்கும். அவற்றை எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்தால், தரையிலிருந்து முகடு வரை ஒரே வீச்சில் எழும் கவட்டை வடிவம் உருவாகும். இதற்குக் 'குரூக்' என்று பெயர். இத்தகைய கவட்டைகளை வரிசையாக நிறுத்தி, குறுக்கு விட்டங்களால் இணைத்தால் வீட்டின் எலும்புக்கூடு தயார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நான்காயிரத்துக்கு மேற்பட்ட குரூக் கட்டடங்கள் பதிவாகியுள்ளன. விந்தை என்னவென்றால், மேற்கிலும் மத்தியப் பகுதியிலும் நிறைந்திருக்கும் இந்த முறை, நாட்டின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஏறக்குறைய அறவே கிடையாது. இதற்குக் கூறப்படும் விளக்கங்களில் எதுவும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.

தென்கிழக்கில் வழங்கியது பெட்டிச் சட்டகம்: நேரான தூண்கள், அவற்றின் தலையில் நீள உத்திரம், குறுக்கே விட்டம், மேலே கைமரங்கள். கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் இதன் அழகான வகை ஒன்று உண்டு. நடுவில் கூரை வரை திறந்த உயரமான கூடமும், இரு முனைகளிலும் மாடி அறைகளும் அமைந்திருக்கும். மாடிகள் மட்டும் முன்னால் சற்றுத் துருத்தி நிற்க, முழு வீட்டையும் ஒரே கூரை மூடியிருக்கும். 'வீல்ட்' என்ற அந்த வட்டாரத்தின் பெயரால் இதை 'வீல்டன்' வீடு என்பார்கள்.

அக்காலத் தச்சர் மரத்தை உலர்த்திக் காத்திருக்கவில்லை. பச்சை மரத்திலேயே வேலை செய்தார். தடித்த ஓக் கட்டை முழுதாக உலரப் பல ஆண்டுகள் ஆகும், உலர்ந்துவிட்டால் உளி இறங்காது. கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிய கட்டைகளை, தச்சர் தன் களத்தில் தரையில் பரப்பி, ஒவ்வொரு கட்டையையும் அது சேரவேண்டிய கட்டையோடு பொருத்திப் பார்த்தே வெட்டுவார். கையால் செதுக்கியவை என்பதால் எந்த இரண்டும் ஒரே அளவாக இருக்காது. ஒரு கழுந்து, அதாவது கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கு, அதற்கென்றே வெட்டப்பட்ட துளையில் மட்டும்தான் சரியாக உட்காரும். எனவே பொருத்தும் இடங்களில் ரோமானிய எண்களைப் போன்ற கோடுகளைக் கீறிவைத்து, சட்டகத்தைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி கூட்டுவார்கள். நான்கு என்பதற்கு நான்கு கோடுகளே இருக்கும். கழித்தல் முறையில் (IV என்று) எழுதினால் தலைகீழாகப் பார்க்கும்போது நான்கும் ஆறும் குழம்பிவிடும் அல்லவா? அந்தக் கீறல்களை இன்றும் பல வீடுகளில் விரலால் தடவிப் பார்க்கலாம்.

ஆணிக்குப் பதிலாக ஓக் மரமுளை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கழுந்தில் போடும் துளையை, வெளிக்கட்டையில் உள்ள துளைக்கு நேராகப் போடாமல், இணைப்பின் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் அடிப்பக்கமாக, சிறிதளவு தள்ளிப் போடுவார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது வளைந்து நுழைந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். பச்சை மரம் உலர்ந்து சுருங்கும்போதும் இந்த இழுவிசை பிடியைத் தளரவிடாது. அந்த வீடுகளில் கட்டைகள் முறுக்கேறியும் தளங்கள் சரிந்தும் காணப்படுவது, பச்சை மரம் நிலையில் நின்றபடியே உலர்ந்ததன் விளைவு. வேலைத்திறக் குறைவு என்று அதை எண்ணவேண்டாம்.

சட்டகம் நின்றபின் சுவர். ஓக் குச்சிகளைச் செங்குத்தாகச் செருகி, அவற்றின் ஊடாக ஹேசல் விளார்களைப் படல்போல் பின்னி, களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்த சேற்றை இரு பக்கமிருந்தும் அறைந்து பூசுவார்கள். மேலே சுண்ணாம்பு. விளார்களுக்காகவே ஹேசல் புதர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டித் தழையவிட்டு வளர்த்தார்கள். மரத்தேவையைப் பற்றி ஒரு கணக்கு: சஃபோக்கில் 1500 வாக்கில் எழுந்த ஒரு பண்ணை வீட்டுக்குச் சுமார் 330 மரங்கள் செலவானதாகத் தாவரவியலாளர் ஆலிவர் ராக்கம் கணக்கிட்டார். அவற்றில் பெரும்பாலானவை சிறிய மரங்கள். காடுகளை அழித்துத்தான் இந்த வீடுகள் கட்டப்பட்டன என்பது தவறான எண்ணம். வெட்டியதற்கு ஈடாக வளர்த்தெடுத்த சிறுகாடுகளிலிருந்தே மரம் வந்தது.

கேள்வி: உடைந்த கப்பல்களின் மரத்தைக் கொண்டு இந்த வீடுகளைக் கட்டினார்கள் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: அநேகமாக இல்லை. ஆனால் இங்கிலாந்தில் இந்தக் கதையைச் சொல்லாத ஊரே கிடையாது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமத்திலும் சொல்வார்கள். கதை பிறக்கக் காரணம், விட்டங்களில் எதுவும் பொருந்தாமல் வெறுமனே இருக்கும் துளைகள். அவை அந்தக் கட்டை முன்பு வேறொரு வீட்டில் அல்லது களஞ்சியத்தில் இருந்ததைக் காட்டுகின்றன. அல்லது அதே வீட்டில் பின்னால் எடுத்துவிடப்பட்ட ஒரு தடுப்புச் சுவரைக் காட்டுகின்றன. வளைந்த கட்டைகளும் சந்தேகத்தைத் தூண்டும், ஆனால் அவை குரூக்குக்காகத் தேடித் தேர்ந்தெடுத்தவை. கப்பலின் மரம் கப்பலுக்கென வடிவமைக்கப்பட்டது. அதை இழுத்துவந்து மறுபடி செதுக்குவதைவிட, அருகிலுள்ள காட்டில் பச்சை மரம் வெட்டுவது எளிது, மலிவு.

கேள்வி: ஒரு வீடு இந்த ஆண்டில்தான் கட்டப்பட்டது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? கல்வெட்டா, பத்திரமா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. மரமே சாட்சி. நல்ல மழை பெய்த ஆண்டில் ஓக் அகலமான வளையத்தையும், வறண்ட ஆண்டில் ஒடுக்கமான வளையத்தையும் இடுகிறது. ஒரு வட்டாரத்து மரங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே வரிசையைக் காட்டும் என்பதால், விட்டத்திலிருந்து மெல்லிய உருளை வடிவத்தில் ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, அதன் வளைய வரிசையை, ஆண்டு தெரிந்த நெடுவரிசையோடு ஒப்பிடுகிறார்கள். மரத்தின் வைரம் பாய்ந்த பகுதி மட்டும் கிடைத்தால் தோராயமான காலத்தைத்தான் சொல்ல முடியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் எஞ்சியிருந்தால், வெட்டிய ஆண்டு மட்டுமல்ல, அது குளிர்காலமா கோடையா என்பதுகூடத் தெரிந்துவிடும். பச்சை மரத்திலேயே வேலை செய்ததால், வெட்டிய ஆண்டுக்கும் கட்டிய ஆண்டுக்கும் அதிக இடைவெளி இருக்காது.

வேல்ஸில் டென்பிஷயர் பகுதியைச் சேர்ந்த ஹெண்ட்ரர் இவித் உச்சாவ் என்ற பண்ணை வீடு இம்முறையில் 1508 என்று காலம் கணிக்கப்பட்டது. குரூக் சட்டகமும் வேய்ந்த கூரையும் கொண்ட அந்த வீட்டைக் கட்டை கட்டையாகக் கழற்றி, கார்டிஃபை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே கூரையின்கீழ் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள். சன்னலில் கண்ணாடி கிடையாது, மரக்கம்பிகள் மட்டுமே. ஆணியால் அறைந்து கட்டிய வீட்டை இப்படிச் சேதமின்றிக் கழற்றி மறுபடி கூட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே.

கேள்வி: புகைபோக்கி இல்லாமல், வைக்கோல் கூரையின்கீழ், வீட்டின் நடுவில் நெருப்பு மூட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை. (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. கூடத்தின் நடுவே தரையில் கல் பரப்பி, அதன்மேல் தீ எரியும். மேலே தளம் இல்லை. கூரை வரை திறந்த வெளி. அந்த உயரம்தான் பாதுகாப்பு. பொறிகள் கூரையைத் தொடும் முன்பே அணைந்துவிடும், புகை மேலே சென்று தேங்கி, முகட்டின் முனைகளில் உள்ள சிறு திறப்புகள் வழியாகவும் வைக்கோலின் ஊடாகவும் மெல்லக் கசியும். உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலேதான் புகைப்படலம் நிற்கும். ஆகவே தாழ்வான இருக்கையில் அமர்ந்தவருக்குத் தொல்லை குறைவு. கண் எரிச்சலே இருந்திருக்காது என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

16-ஆம் நூற்றாண்டில் இது மாறத் தொடங்கியது. கூடத்தின் நடுவே ஓர் இடைத்தளத்தைப் போட்டு மாடியாக்கினார்கள், நெருப்பைச் செங்கல் புகைபோக்கிக்குள் அடைத்தார்கள். எசெக்ஸில் ராட்விண்டர் ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577-இல் வெளியான தன் இங்கிலாந்து வருணனையில், தன் ஊர் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் வியக்கத்தக்க அளவில் மாறிவிட்டதாகச் சொன்ன மூன்றைக் குறிப்பிடுகிறார். முதலாவது, எங்கு பார்த்தாலும் எழுந்துவிட்ட புகைபோக்கிகள். மற்ற இரண்டும் படுக்கை வசதியும், மரத்தட்டுகள் போய் உலோகத்தட்டுகள் வந்ததும்.

இப்போது உள்ள வீட்டைப் பார்த்து, அது ஒரு காலத்தில் திறந்த கூடமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது எப்படித் தெரியுமா? பரணுக்குள் ஏறி விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். கைமரங்களில் கரி படிந்திருந்தால், அவற்றின்கீழ் ஒரு காலத்தில் தளமே இல்லை என்று பொருள். கரி ஒரு பக்கம் மட்டும் இருந்து மறுபக்கம் தூய்மையாக இருந்தால், கூடம் எங்கே முடிந்து அறை எங்கே தொடங்கியது என்பதும் விளங்கிவிடும்.

சில வீடுகளில் மரத்தோடு வைக்கோலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தாள் கூரையைப் புதுப்பிக்கும்போது பழைய அடுக்கை அகற்றாமல், மேலே கெட்டுப்போனதை மட்டும் சீவிவிட்டுப் புதிய அடுக்கை வேய்வது பழைய வழக்கம். ஆகவே அடியடுக்கில் இடைக்காலத்தில் வைத்த தாள்கள் புகையேறிக் கறுத்துப்போய் அப்படியே கிடக்கின்றன. இத்தகைய கூரைகள் பெரும்பாலும் டெவன் பகுதியில் உள்ளன. அந்தத் தாள்களைப் பிரித்துப் பார்த்த தாவரவியல் ஆய்வாளர்களுக்கு, இன்றைய வயலில் இல்லாத உயரமான கோதுமை வகைகளும், 'ரை' என்ற தானியத்தின் வகைகளும், அறுவடையோடு சேர்ந்து வந்த களைகளின் விதைகளும் கிடைத்தன. ஒரு வட்டாரத்தின் ஐந்நூறு ஆண்டு வேளாண்மையை ஒரு கூரை பத்திரப்படுத்தி வைத்திருப்பதைவிட அரிய ஆவணம் எனக்குத் தெரியவில்லை. பழுது பார்க்கும் அவசரத்தில் இந்த அடியடுக்கைக் குப்பையில் வீசுவது பெருந்தவறு.

கேள்வி: வைக்கோல் கூரை மழையைத் தாங்குமா? எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்?

பதில்: தாங்கும், ஆனால் சரிவு போதுமான அளவு செங்குத்தாக இருக்கவேண்டும், 45 முதல் 50 பாகை வரை. கூரையின் தடிமன் ஏறக்குறைய ஓர் அடி. அதில் மேற்பரப்பின் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே நனையும்; நீர் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வழிந்து, சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும் இறவாரத்தில் சொட்டிவிடும். ஹேசல் குச்சியைப் பிளந்து முறுக்கி வளைத்த கொக்கிகளால் தாள்கட்டுகளைக் கீழே உள்ள அடுக்கோடு தைக்கிறார்கள். சதுப்பில் வளரும் நாணலால் வேய்ந்த கூரை முப்பது நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும், கோதுமைத்தாள் கூரை அதில் பாதி. முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்றைய குட்டைக் கோதுமை இதற்கு உதவாது. எனவே கூரைக்கென்றே நெடிய ரகங்களைப் பயிரிட்டு, தாளை நசுக்காத பழைய வகை இயந்திரத்தால் அறுக்கிறார்கள்.

தீயைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். லண்டனில் 1212-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் வைக்கோல், நாணல் கூரைகளைப் புதிதாக வேயத் தடை வந்தது. தேம்ஸின் தென்கரையில் இருந்த குளோப் நாடகக் கொட்டகையின் கூரை 1613-இல் மேடைப் பீரங்கியின் பொறியால் எரிந்து சாம்பலானது. 1997-இல் திறக்கப்பட்ட அதன் மறுபடைப்பு, 1666 பெருந்தீக்குப் பின் லண்டனில் அனுமதி பெற்ற முதல் வேய்ந்த கூரை. அதில் தீயணைப்புத் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன. முன்பு சொன்ன ஆன் ஹாத்தவேயின் ஷாட்டரி வீட்டின் கூரையும் 1969-இல் தீயில் சேதமடைந்தது.

கேள்வி: கறுப்பு மரமும் வெள்ளைச் சுவருமாக இருப்பதுதானே இந்த வீடுகளின் அழகு? பழுது பார்க்கும்போது சிமெண்ட் பூசலாமா?

பதில்: அந்தக் கறுப்பு பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை. இடைக்காலத்தில் ஓக்கை அதன் போக்கில் வெள்ளிச் சாம்பல் நிறமாக மாறவிட்டார்கள், அல்லது மரத்தையும் சுவரையும் சேர்த்தே வெள்ளையடித்தார்கள். சிமெண்ட் கூடவே கூடாது. மண்சுவரும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வெளிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். மரத்தின் அசைவில் சிமெண்டில் விழும் மெல்லிய விரிசல் வழியே உள்ளே போன நீர் வெளியேற முடியாமல் அடிக்கட்டையில் தேங்கும். நூற்றாண்டுகள் நின்ற ஓக், சில பத்தாண்டுகளில் உளுத்துப்போன வீடுகள் பல உண்டு. 1877-இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், கெட்ட பகுதியை மட்டும் மாற்று, எஞ்சியதைத் தொடாதே என்ற கொள்கையை அன்று முதல் வலியுறுத்தி வருகிறது. இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டில், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன்அனுமதி வேண்டும். கோதுமைத்தாளுக்குப் பதில் நாணல் வேய்வதற்குக்கூட அனுமதி கேட்கவேண்டி வரலாம்.

இடித்துத் தள்ளப்பட இருந்த ஒரு வீட்டை அந்தச் சங்கத்தின் துணையோடு காத்த கதையும் உண்டு. கிழக்கு சசெக்ஸின் ஆல்ஃபிரிஸ்டன் ஊரில், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீல்டன் வகை வேய்ந்த வீடு ஒன்று பாதிரியார் இல்லமாக இருந்து சிதைந்து கிடந்தது. ஊர்ப் பாதிரியார் அதைக் காக்கப் போராடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த, பழம்பெரும் இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, 1896-இல் அதைப் பத்து பவுண்டுக்கு வாங்கியது. அந்த நிறுவனம் வாங்கிய முதல் கட்டடம் அதுதான்.

கேள்வி: அந்த ஆல்ஃபிரிஸ்டன் வீட்டின் தரை எதனால் ஆனது? படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது.

பதில்: அந்த வட்டாரத்துச் சுண்ணக்கல்லை உடைத்துப் பரப்பி, தட்டி இறுக்கி, மேலே புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை. நன்றாகவே இறுகியிருக்கிறது.